பொய்க் கணக்கு எழுதச் சொன்னதால் வேலையை விட்டேன், இன்டர்வியூவில் இதை எப்படிச் சொல்வது?

நூல்கண்டு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காம்ப்ளையன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் எச்.ஆர். அசிஸ்டெண்ட். அங்கிருந்து சம்பளம் கூடக் கிடைத்ததால் மாறினேன், அதை யாரும் துருவிக் கேட்பதில்லை. இரண்டாவது கம்பெனியை ஏன் விட்டேன் என்பதுதான் இப்போது எல்லா இடத்திலும் இடிக்கிறது.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஐரோப்பா பையர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னாலும் ஆடிட் வரும், கொடுத்த பிறகும் வரும். சேடெக்ஸ், பிஎஸ்சிஐ, எஸ்.ஏ. 8000 என்று பல பெயர்கள். ஆட்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் போனதா, வயதுச் சான்று இருக்கிறதா, அவசர வழியில் துணி மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்களா, எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதற்கான கோப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே பஞ்சிங் (வந்து போகிற நேரப் பதிவு) இரண்டு வகை, நிஜமானது ஒன்று, ஆடிட்டருக்குக் காட்ட ஒன்று. ஷிப்மென்ட் நெருக்கத்தில் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து தைத்தவர்கள் சாயங்காலம் ஆறரைக்கே கேட்டைத் தாண்டிப் போனதாகக் கணக்கு இருக்கும்.

கடைசியில் நடந்தது ஊசி ரிஜிஸ்டர் விஷயம். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, செலோடேப் போட்டு நோட்டில் ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், சூப்பர்வைசர் கையெழுத்து எல்லாம் போட வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த இடத்தில் இருக்கும் துணி முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் விட்டுத் தேட வேண்டும். குழந்தைகள் துணி தைக்கிற இடத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் ஃப்ளோரில் அந்த நோட்டு ஒரு வருடமாகக் காலி. ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் புது ஊசிப் பாக்கெட்டைப் பிரித்து, குறடால் உடைத்து உடைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள், பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. கீழே காம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று இருக்கிற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் ராஜினாமா கொடுத்தேன். கடிதத்தில் சொந்தக் காரணம் என்றுதான் எழுதினேன். ஒரு மாத நோட்டீஸ் முழுக்க வேலை செய்தேன், யாரோடும் சத்தம் போடவில்லை, ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் கையில் இருக்கின்றன. இப்போது நான்கு மாதமாக வேலை இல்லை.

ஒரு இன்டர்வியூவில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஜி.எம். பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்புறம் கேட்டதெல்லாம் வீடு எங்கே, பஸ் வசதி இருக்கா என்பதுதான். இன்னொரு இடத்தில் சொந்தக் காரணம் என்றேன், உடனே “கல்யாணமா?” என்றார்கள். இல்லை என்றதும் “சரி, ஆனதும் நின்னுருவீங்களா?” என்று அடுத்த கேள்வி. உண்மையைச் சொன்னாலும் வேலைக்காகவில்லை, மழுப்பினாலும் வேலைக்காகவில்லை. வேறு என்னதான் சொல்வது? பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது, இந்த ஊரில் முதலாளிகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான்.

அவினாசி ரோடு:

இதற்கு எதற்குங்க இவ்வளவு யோசனை. 2025 ஆகஸ்ட் 27ல் இருந்து அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டான், ஆர்டர் போச்சு, ஆளைக் குறைச்சாங்க, அதில் நானும் ஒருத்தி என்று சொல்லிவிட்டுப் போங்கள். திருப்பூரில் இதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அவர்கள் கம்பெனியிலேயே ஆள் குறைத்திருப்பார்கள்.

பாபின்:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இன்டர்வியூ எடுப்பவர் அடுத்துக் கேட்கப்போவது “உங்க பையர் யாரு?” என்பதுதான். நூல்கண்டு எழுதியதைப் பார்த்தால் அது ஐரோப்பா பையர் கம்பெனி. அமெரிக்கா வரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அங்கேயே மடக்கிவிடுவார். ஆர்டர் குறைந்தால் முதலில் போவது டெய்லர், ஹெல்ப்பர், செக்கிங் ஆட்கள். ஆடிட் வருகிற கம்பெனியில் காம்ப்ளையன்ஸ் ஆளை அவ்வளவு சுலபமாக அனுப்ப மாட்டார்கள். அதற்கு மேல் அவர் ரிலீவிங் லெட்டரில் ராஜினாமா என்று இருக்கும், ஆட்குறைப்பு என்று இருக்காது. ஒரு பொய்யில் மூன்று ஓட்டை.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் ஹைகோர்ட் உத்தரவு வந்து நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை இழுத்து மூடியபோது நான் ஒரு டையிங் யூனிட்டில் இருந்தேன். அப்போது ஏன் விட்டாய் என்று யாரும் கேட்கவில்லை, “பட்டறையை மூடிட்டாங்க” என்ற ஒரே வரி போதும், ஊருக்கே தெரிந்த காரணம். அந்த மாதிரி காரணம் நமக்கு இருந்தால் நல்லதுதான், இல்லாதபோது இரவல் வாங்கக் கூடாது.

பழைய ஆடிட்டர்:

அம்மணி, உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பல வருடம் திருப்பூர், கரூர், பெங்களூர் என்று ஆடிட் போய்க்கொண்டிருந்தவன், இப்போது ஒரு குரூப் கம்பெனியில் காம்ப்ளையன்ஸுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். அதனால் மேஜைக்கு இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதலில் உங்கள் ஊசி ரிஜிஸ்டர். ஒரே பேனாவில் எழுதிய ரிஜிஸ்டர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். நோட்டைத் திறந்ததுமே தெரியும், நிஜமான நோட்டில் எண்ணெய்க் கறை இருக்கும், டேப் மஞ்சளாகியிருக்கும், ஒரு வாரம் ஐந்து ஊசி உடைந்திருக்கும், அடுத்த இரண்டு வாரம் ஒன்றும் இருக்காது. எழுதி வைத்த நோட்டில் வாரத்துக்கு இரண்டு என்று ஒழுங்காக உடையும். பஞ்சிங்கும் அப்படித்தான், நைட் வேலை இல்லை என்பார்கள், கேன்டீன் டீ பில்லில் ராத்திரி பதினொன்றரைக்கு எண்பது டீ போயிருக்கும். ஆகவே நீங்கள் கையெழுத்துப் போட மறுத்தது நியாயம் என்பது ஒரு பக்கம், உங்கள் தலையைக் காப்பாற்றிக்கொண்டீர்கள் என்பதும் இருக்கிறது. மாட்டும்போது கையெழுத்துப் போட்ட ஆளைத்தான் கைகாட்டுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஜி.எம். பேனாவை மூடினார் என்றீர்களே, அவர் உங்களை நம்பாமல் மூடவில்லை. நம்பியதால்தான் மூடினார். முதலாளியோ ஜி.எம்.மோ “ஏன் விட்டீங்க?” என்று கேட்கும்போது அவர் மனதில் ஓடுவது பழைய கம்பெனி அல்ல, தன் கம்பெனி. இந்தப் பெண் ஆறு மாதத்தில் ஓடிவிடுமா, சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டுமா, நம் வீட்டு விஷயத்தை நாளைக்கு இன்னொரு ஆபீசில் உட்கார்ந்து இப்படிச் சொல்லுமா. மற்ற வேலைக்கு வருபவர்களிடம் முதல் இரண்டு பயம்தான் பெரிசு. காம்ப்ளையன்ஸ் ஆளிடம் மூன்றாவதுதான் பெரிசு, ஏனென்றால் சம்பள ரிஜிஸ்டரில் இருந்து விபத்து ரிப்போர்ட் வரைக்கும் எல்லாம் நம் கையில்தான் வந்து போகும். நீங்கள் செலோடேப் வரைக்கும் விவரமாகச் சொன்னபோது அவருக்கு உங்கள் நேர்மை காதில் விழவில்லை, நாளைக்குத் தன் கம்பெனிக் கதையும் இதே விவரத்தோடு வெளியே போகும் என்பதுதான் விழுந்தது.

அதற்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. உண்மையில் உங்களைப் பற்றிய பாதியை மட்டும் சொல்லுங்கள், கம்பெனியைப் பற்றிய பாதியை விட்டுவிடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படித்தான் சொல்வேன்: “அங்கே ஆடிட் நேரத்தில் பேப்பர் வேலைதான் எனக்கு அதிகமா இருந்ததுங்க. எனக்கு ஃப்ளோர்ல இறங்கி சிஸ்டத்தை வருஷம் முழுக்க நடத்தணும்னு ஆசை. அது அங்கே அமையலை. நோட்டீஸ் பீரியட் முடிச்சு, எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டுத்தான் வந்தேன்.” இவ்வளவுதான். இதில் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது, துறையில் இருக்கிறவனுக்கு மீதி தானாகவே புரியும், புரிந்துகொண்டும் அவன் வாயைத் திறக்க மாட்டான்.

சில பேர் விடமாட்டார்கள். “பேப்பர் வேலைன்னா? என்ன பண்ணச் சொன்னாங்க?” என்று நோண்டுவார்கள். அது பல நேரம் பரீட்சைதான், வாயைத் திறக்கிற ஆளா என்று பார்ப்பது. அங்கே நிறுத்த வேண்டும். “நான் வேலை செய்யற முறையும் அவங்க எதிர்பார்த்ததும் ஒத்துப்போகலைங்க. அதுக்கு மேல பழைய கம்பெனி விஷயத்தை நான் வெளியே பேசறதில்லை, இங்கே சேர்ந்தாலும் அப்படித்தான் இருப்பேன்.” சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். இன்டர்வியூவில் வருகிற அந்த இரண்டு விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் நிறைய பேர் கூடுதலாக நாலு வாக்கியம் பேசி மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, காரணத்தைச் சொன்ன கையோடு பேச்சை நீங்கள் செய்த வேலைக்குத் திருப்புங்கள். இரண்டு வருடத்தில் நீங்களாக உருப்படியாகச் செய்தது ஏதாவது இருக்கும். வயதுச் சான்றுக் கோப்புகளைச் சரி செய்தீர்களா, ஃபயர் டிரில் நடத்தினீர்களா, 2013 சட்டப்படி அமைக்க வேண்டிய உள் புகார்க் குழுவைப் பேப்பரில் மட்டும் வைக்காமல் கூட்டம் போட்டு நடத்தினீர்களா. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு விவரமாகப் பேசுங்கள், அந்த ஊசி நோட்டுக்குக் கொடுத்த விவரத்தை இதற்குக் கொடுங்கள்.

எங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிற சின்ன யூனிட்டில் உங்கள் காரணம் மைனஸ்தான், எப்படிச் சொன்னாலும். பயிங் ஆபீஸ், ஆடிட் நிறுவனம், காட்ஸ் (ஆர்கானிக் துணிக்கான) சான்று வைத்திருக்கும் பெரிய மில், பிராண்டுகளின் சோர்சிங் ஆபீஸ் இங்கெல்லாம் அதுவே பிளஸ். ஜெர்மனியில் 2023 ஜனவரியில் சப்ளை செயின் சட்டம் நடைமுறைக்கு வந்தது, முதலில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்கிற நிறுவனங்களுக்கு, 2024ல் இருந்து 1,000 பேருக்கு மேல் இருந்தாலே பொருந்தும் என்றார்கள். அதை அங்கேயே இப்போது தளர்த்தப் பார்க்கிறார்கள் என்றாலும், அந்தப் பையர்கள் கேள்வி கேட்கிற பழக்கம் வந்துவிட்டது, அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

காஜா பட்டன்:

ஆடிட்டர் அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் “சொந்தக் காரணம்” என்று ஒரு பெண் சொன்னால் என்ன நடக்கும் என்பது ஆண்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரு ஆண் சொந்தக் காரணம் என்றால் வீட்டில் ஏதோ பணப் பிரச்சினை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று விட்டுவிடுவார்கள். நாம் சொன்னால் கல்யாணம், மாமியார், குழந்தை, இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் அவர்கள் மண்டைக்குள் வராது. அதனால் நூல்கண்டு, அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே வேண்டாம். லெட்டரில் இருந்தால் இருக்கட்டும், லெட்டரில் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், படிக்கிறவர்களுக்கும் அது தெரியும். நேரில் பேசும்போது வேலை சம்பந்தமான காரணமாகவே சொல்லுங்கள்.

கல்யாணக் கேள்வி வந்தால் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை (கோபப்பட எல்லா உரிமையும் இருக்கிறது). நான் சொல்வது, “இப்போதைக்கு அந்த மாதிரி எதுவும் இல்லைங்க சார், இருந்தாலும் வேலையை விடற எண்ணம் இல்லை. முதல் கம்பெனியில மூணு வருஷம் இருந்தேன், அதைப் பாருங்க.” எத்தனை வருடம் இருந்தீர்களோ அதைச் சொல்லுங்கள். எதிர்காலத்தைப் பற்றி எத்தனை சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டில் இருக்கிற தேதியை நம்பித்தான் ஆக வேண்டும்.

நாலு மாத கேப்புக்கு ஒரு விளக்கம் வேண்டும், ஆனால் பெரிய விளக்கம் வேண்டாம். அந்த நேரத்தில் ஏதாவது படித்தீர்களா? எஸ்.ஏ. 8000 ஆடிட்டர் கோர்ஸ் மாதிரி ஏதாவது? இல்லையென்றால் “அவசரத்துக்குக் கிடைச்ச இடத்தில் சேராம சரியான இடமாப் பார்த்துட்டு இருக்கேன்” என்றாலே போதும். வீட்டில் சும்மா இருந்தேன் என்று நாமே நம்மைக் குறைத்துச் சொல்லிக்கொள்வோம், அது வேண்டாம்.

இருபது பைசா:

எல்லோரும் அந்தக் கம்பெனியை வில்லனாக்கிவிட்டீர்கள். நான் புரொடக்ஷன் பக்கம் இருப்பவன், கொஞ்சம் அந்தப் பக்கமும் பேசுகிறேன். பையர் ஒரு பீசுக்கு ஐந்து சென்ட் குறை என்பான், சாம்பிள் அப்ரூவல் மூன்று வாரம் லேட்டாகக் கொடுப்பான், ஷிப்மென்ட் தேதியை மட்டும் ஒரு நாள் தள்ள மாட்டான். தேதி தவறினால் சரக்கை ஏரில் அனுப்பு, செலவு உன்னுடையது என்பான், ஒரு ஏர் ஷிப்மென்ட் போனால் அந்த ஆர்டரின் லாபம் அத்தோடு காலி. நைட் ஓட்டாமல் எப்படி முடிப்பது? அப்புறம் அவனே ஆடிட்டரை அனுப்பி ஏன் ஓவர்டைம் என்று கேட்பான். இதில் நடுவில் மாட்டுகிறவர்கள் நாங்களும் காம்ப்ளையன்ஸ் ஆட்களும்தான்.

ஊசி நோட்டு வேறு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது வெறும் சோம்பேறித்தனம். ஆனால் ஓவர்டைம் விஷயத்தில் இன்டர்வியூ எடுக்கிற முதலாளிக்கு இந்த நெருக்கடி தினமும் தெரியும். நூல்கண்டு அங்கே போய், நான் தப்புச் செய்ய மாட்டேன் என்று மட்டும் சொன்னால் “சரி தாயி, நீ நல்லவ, என் ஷிப்மென்ட்டை யார் அனுப்பறது?” என்றுதான் நினைப்பார். அதற்குப் பதிலாக, பிளானிங் மீட்டிங்கில் காம்ப்ளையன்ஸையும் உட்கார வையுங்கள், எந்த வாரம் லைன் நெருக்கடி என்று முன்னாலேயே தெரிந்தால் பையரிடம் தேதி கேட்கலாம் அல்லது ஓவர்டைமை உள்ளபடி காட்டி இரட்டைச் சம்பளம் கொடுத்துவிட்டு ஒரு திருத்த நடவடிக்கைத் திட்டம் எழுதித் தரலாம் என்று பேசிப் பாருங்கள். ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், சொல்லுங்கள், உள்ளபடி காட்டிய ஓவர்டைமுக்கு ஆர்டரையே நிறுத்துவார்களா?

பழைய ஆடிட்டர்:

அளவு மீறினால் குறை எழுதுவோம், திருத்த நாள் கொடுப்போம், பெரும்பாலும் அதோடு போகும். பொய் ரிக்கார்ட் என்று தெரிந்தால்தான் கதை கந்தல், அதன் பிறகு மற்ற எந்தப் பேப்பரையும் நம்ப முடியாது. இருபது பைசா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் அம்மணி, நான் எழுதியதைவிட இது நல்ல யோசனை. எங்களிடம் வருகிற பிள்ளைகளில் நிறைய பேருக்கு சட்டம் தலைகீழாகத் தெரியும், கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரைக்கும் ஒரு ஆர்டர் எத்தனை நாளில் நகர்கிறது என்று தெரியாது.

கோவை எச்.ஆர்.:

நான் இன்ஜினியரிங் கம்பெனி பக்கம், கார்மெண்ட்ஸ் தெரியாது, ஆனால் பேப்பர் விஷயம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பெரிய கம்பெனி என்றால் விண்ணப்பப் படிவத்தில் வேலையை விட்ட காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும், நாலு சொல்தான் எழுத முடியும். அதில் எழுதியதும் நேரில் சொன்னதும் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. “பணிப் பொறுப்பில் மாற்றம் தேடி” என்கிற மாதிரி எழுதினால் லெட்டரோடும் இடிக்காது, ஆடிட்டர் சார் சொல்லிக்கொடுத்ததோடும் இடிக்காது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், காலியாக இருந்தால் அதில்தான் கண் போகும்.

வெரிஃபிகேஷன் செய்பவர்கள் பழைய கம்பெனியில் கேட்பது சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, சில நேரம் சம்பளம், திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா என்பது. உங்களிடம் ரிலீவிங் லெட்டர் இருக்கிறது, நோட்டீஸ் முடித்திருக்கிறீர்கள், அங்கே எழுதி வைக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. முதலாளிக்கு முதலாளி போன் போடுவதை யாராலும் தடுக்க முடியாது. அதற்கு ஒரே வழி, யாரிடம் கேட்கலாம் என்று நீங்களே முந்திக்கொண்டு பெயர் கொடுப்பது. உங்களோடு ஒத்துப்போன புரொடக்ஷன் மேனேஜரோ, பையர் பக்கத்து க்யூ.ஏ.வோ, முதல் கம்பெனியில் இருந்த எச்.ஆர். மேனேஜரோ. அவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த ரிஜிஸ்டரையோ பஞ்சிங் ஷீட்டையோ போட்டோ எடுத்து வைத்திருந்தால் அதை எந்த இன்டர்வியூவிலும் வெளியே எடுக்காதீர்கள். நான் சொன்னது உண்மை என்று நிரூபிக்கத் தோன்றும். எதிரில் இருப்பவருக்கு அது கம்பெனி டாக்குமெண்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆள் என்பதற்கு நிரூபணம்.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. போட்டோ எதுவும் எடுக்கவில்லை. “ஆடிட் நேரத்தில் பேப்பர் வேலை” என்கிற வரி எனக்குப் பிடித்திருக்கிறது, அதையே பேச்சு வாக்கில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி. இப்படி நாசூக்காகச் சொல்லி வேலையும் கிடைத்து, அங்கேயும் இரண்டு பஞ்சிங் இருந்தால்? மறுபடியும் வருடத்துக்குள் விட்டால் என் ரெஸ்யூமை யாரும் தொடக்கூட மாட்டார்கள். நான் முழுதாகச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம், அந்த மாதிரி இடமாக இருந்தால் அவர்களே என்னை வேண்டாம் என்று சொல்லிவிடட்டும் என்று நினைத்தேன்.

காஜா பட்டன்:

அதற்குக் கேள்வி கேட்டால் போதுமே, கதை சொல்லத் தேவையில்லை. கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள் இல்லையா, அப்போது கேளுங்கள். இங்கே ஆடிட் சொல்லிவிட்டு வருவாங்களா, சொல்லாம வருவாங்களா? டைம் ஆபீஸ் யார் கீழே இருக்கு, எச்.ஆர். கீழேயா, புரொடக்ஷன் கீழேயா? எனக்கு முன்னால இந்த வேலையில இருந்தவங்க எவ்வளவு நாள் இருந்தாங்க? மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலைக் கவனியுங்கள். இரண்டு வருடத்தில் நாலு பேர் மாறியிருந்தால் காரணம் உங்களுக்கே தெரியும்.

முடிந்தால் ஃப்ளோரைச் சுற்றிப் பார்க்கட்டுமா என்று கேளுங்கள். போகும்போது ஊசி நோட்டைப் பாருங்கள், ஆடிட்டர் அண்ணா சொன்ன எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று :)

அவினாசி ரோடு:

வரி ஐடியாவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போனால் திருப்பூரில் எந்தக் கம்பெனியிலும் சேர முடியாது.

பழைய ஆடிட்டர்:

சேரலாம் தம்பி. இப்போது ஒழுங்காக நடத்துகிற கம்பெனிகளும் இருக்கின்றன, நானே போய்ப் பார்த்தவன். அங்கெல்லாம் ஆள் சீக்கிரம் மாறுவதில்லை, அதனால் வேலை காலி என்ற விளம்பரமும் அடிக்கடி கண்ணில் படாது. தெரிந்தவர்கள் மூலமாகத்தான் தகவல் வரும். அம்மணி, ஆடிட்டுக்கு வந்து போனவர்களில் யாராவது உங்கள் வேலையைக் கவனித்திருந்தால் அவர்களிடம் வேலை தேடுவதாக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கோவை எச்.ஆர்.:

இன்னொன்று எழுத மறந்துவிட்டேன். பிஎஃப் போர்ட்டலில் உங்கள் யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) போட்டு சர்வீஸ் ஹிஸ்டரி பாருங்கள், பழைய கம்பெனி விட்ட தேதியை ஏற்றியிருக்கிறதா என்று. நீங்கள் ஏன் விட்டீர்கள் என்ற கதை அங்கே இருக்காது, பயப்பட வேண்டாம், ஆனால் தேதி இல்லாவிட்டால் புதுக் கம்பெனிக்கு நீங்கள் இன்னும் அங்கேயே வேலையில் இருப்பது போலத் தெரியும், சேருகிற நேரத்தில் இழுக்கும்.

நூல்கண்டு:

இப்போதுதான் பார்த்தேன், தேதி போடவே இல்லை. அவர்களிடம் போய்க் கேட்க வேண்டுமா? அந்த கேட்டுக்குள் திரும்பப் போக எனக்கு விருப்பமில்லை.

கோவை எச்.ஆர்.:

போக வேண்டாம். கடைசி பிஎஃப் தொகை கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். மேனேஜ் என்பதற்குள் மார்க் எக்ஸிட் என்று இருக்கும், பழைய கம்பெனியைத் தேர்ந்தெடுத்துத் தேதியும் காரணமும் கொடுத்தால் ஆதாரில் இருக்கும் மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். ரிலீவிங் லெட்டரில் இருக்கும் அதே தேதியைப் போடுங்கள், கடைசித் தொகை எந்த மாதத்துக்குக் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் பாஸ்புக்கில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள், ஒருமுறை போட்டால் திருத்துவது பெரிய பாடு.